ஆற்றங்கரையில் கூடுதலாக இருந்த பதினைந்து நாள்

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்து, பந்தியில் அமர்ந்து சாப்பிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பஸ்ஸில் படிப்பவர்கள் இறங்க வேண்டிய இடத்தைக் கவனித்துக் கொள்ளுங்கள். நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

போன வருடம் அக்காவை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது உங்களில் பலர் தலைமாட்டில் நின்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். “பிரான்சுல இருக்க வேண்டியவ. அந்த அம்மை மட்டும் வராம இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா, பாவம்.” நாற்பது ஆண்டுகளாக நம் குடும்பத்தில் அக்காவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இந்த வாக்கியத்தில்தான் வந்து முடியும். அந்த அம்மை வந்தது எனக்கு. ஆகவே அதைப் பற்றி எழுத வேண்டியவளும் நான்தான்.

அக்கா சாரம் பகுதியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் பிறந்தார். அப்பா மின்துறையில் லைன்மேன். மழைக்காலம் முழுவதும் அவர் கம்பத்தின் மேல் இருப்பார், அம்மா மூச்சிரைப்போடு பாயில் இருப்பார். அக்காவுக்கு ஒன்பது ஆண்டு பிந்தி நான் பிறந்தேன், எனக்கு நான்கு ஆண்டு பிந்தித் தம்பி. என்னை இடுப்பில் தூக்கியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போய் விட்டது எல்லாம் அக்காதான். பல் ஆடினால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன், அக்காவிடம்தான் வாயைத் திறந்து காட்டுவேன். எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா மட்டும் கடைசி வரை ‘பாப்பா’ என்றே கூப்பிட்டார். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் பாப்பாதான்.

எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது ஆகியிருந்த கோடையில், அப்பா ஓட்டைப் பிரித்துத் தளம் போட முடிவு செய்தார். வீட்டுக்குக் கூரை இல்லாத ஒரு மாதம் எங்கே தங்குவது? அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் இரண்டு அறை வீடும் இருந்தன. சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகளோடு போய் இருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். அப்பா வேலைக்காகச் சாரத்திலேயே தங்கிவிட்டார். அம்மாவும் நாங்கள் மூவரும் ஒரு மாதம் என்று போனோம். இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தோம்.

மே மாதத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் ஏது? கண்ணுக்கெட்டிய வரை மணல். ஒரு ஓரமாக, முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். மணலில் வெள்ளரியும் தர்பூசணியும் போட்டிருந்தார்கள். கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வரும், இரண்டு சொம்பு இறைத்துக் கொட்டினால் தெளிந்துவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அம்மாவின் மூச்சிரைப்பும் அங்கே ஏனோ அடங்கியிருந்தது.

ஆற்றில் நான் பார்த்த அக்கா வேறு ஆள். சாரத்துத் தெருவில் குனிந்த தலை நிமிராமல் தையல் வகுப்புக்குப் போய் வருகிறவர், இங்கே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஓடினார். அக்காவுக்கு ஓட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நானும் தம்பியும் சேர்ந்து துரத்தியும் பிடிக்க முடியவில்லை. தண்ணீரில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “பாப்பா, காதுல தண்ணி பூந்தா ஒலகமே கம்முனு ஆயிடுது பாரு. நீயும் படு,” என்பார். நானும் படுப்பேன். அரை மணி நேரம் ஒரு பேச்சும் இல்லாமல் கிடப்போம். அம்மா கரையிலிருந்து சோற்றுக்குக் கூப்பிடுவது எங்களுக்குக் கேட்காது, அல்லது கேட்காத மாதிரி இருப்போம்.

மூன்றாவது வாரம் தம்பிக்கு அம்மை போட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு அம்மை என்றால் ஆத்தாளே வீட்டுக்குள் வந்திருப்பதாகப் பொருள். வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். அது தொங்கும் வரை வெளியார் உள்ளே வரக் கூடாது, வீட்டார் ஊர் விட்டு ஊர் போகக் கூடாது, தாளிக்கக் கூடாது, நல்ல காரியம் எதுவும் பேசக் கூடாது. கொப்புளம் வாடி, ஒருநாள் விட்டு ஒருநாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று முறை ஊற்றினால்தான் விடுதலை. அக்காவுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது ஆயிற்று. எந்த முத்து எப்போது நீர் கோக்கும், எது எப்போது வாடும் என்று அம்மாவிடம் தினமும் ஒப்பிப்பார். எனக்குத் தொற்றவில்லை.

தம்பிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அப்பா சாரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். வியர்வையோடு முகம் கொள்ளாத சிரிப்பு.

“பெரிய எடம். பையன் பிரான்சுல சொல்தா. குடும்பமே நேஷனாலிட்டி. லீவுல வந்திருக்கான், வர்ற ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு பொண்ணு பாக்க வர்றாங்க. லீவு முடியறதுக்குள்ள கல்யாணத்த வச்சி, பேப்பர் போட்டு அழச்சிக்குவாங்களாம். தளமும் போட்டாச்சு. வெள்ளிக்கெழம வேன் எடுத்துட்டு வந்துடறேன்.”

பிரெஞ்சு ராணுவத்தில் இருப்பவரைச் சொல்தா என்போம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரை நேஷனாலிட்டி என்போம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு சம்பந்தம் லைன்மேன் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அம்மா ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார், அழுதார், சிரித்தார். அக்கா வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கிக்கொண்டே இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் அப்பாவைத்தான் கேட்டேன்.

“பிரான்சு எவ்ளோ தூரம்பா?”

“ப்ளேன்ல போவணும்.”

“அக்கா எப்ப திரும்பி வரும்?”

“மூணு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு வுடுவாங்க. வரும்.”

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்கும் என்று விரல் விட்டுப் பார்த்தேன். அதுவரை யார் தலை வாருவார்கள் என்று யோசித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி எழுதப் போவதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. மறுநாள் உச்சி வெயிலில் ஆற்று மணலில் போய்ப் படுத்தேன். சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டேன். என் வயிற்றில் இரண்டும் முதுகில் ஒன்றுமாக வேனல் கட்டி கிளம்பியிருந்தது. உடம்பு நன்றாகக் கொதித்ததும் எழுந்து ஓடிப் போய் அம்மாவிடம், “மேலு சுடுதும்மா, முத்து வந்திருக்குது,” என்றேன். அம்மை வந்தால் விருந்தாளி வர முடியாது, நாமும் போக முடியாது, நல்ல காரியம் பேச முடியாது. தம்பி படுத்திருந்தபோது இதையெல்லாம் நான் நன்றாகப் பாடம் படித்திருந்தேன்.

அம்மா தொட்டுப் பார்த்தார். “சுடத்தான் சுடுது. ஆனா இது வேனக்கட்டி மாதிரில்ல இருக்குது,” என்று இழுத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். “நீ பாருடி. உனக்குத்தான் தெரியும்.”

அக்கா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆமாம்மா. ஆத்தாதான்,” என்றார். “இப்பதான் முத்து கெளம்புது. படுக்க வச்சிடலாம்.”

வெள்ளிக்கிழமை வேனோடு வந்த அப்பா, வாசலில் புது வேப்பிலையைப் பார்த்துத் தோப்புக்குள்ளேயே நின்றுவிட்டார். “ஞாயித்துக்கெழம?” என்று மட்டும் கேட்டார். “ஆத்தாள வச்சிக்கிட்டு எப்படிங்க? போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க,” என்றார் அம்மா. அப்பா அந்தக் காலி வேனில் ஏறித் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தோள் தொங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் சந்தோஷமாக இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரம் பொறுத்தார்கள். லீவு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு முத்தியால்பேட்டையில் வேறு ஒரு பெண்ணைப் பார்த்து, பேசி முடித்து, அந்த லீவிலேயே கல்யாணமும் நடந்தது.

என் தந்திரத்தில் நானே மாட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். அக்காவையும் ஆற்றையும் விட மனமில்லாமல் அம்மை வரவழைத்தவளை ஆற்றுப் பக்கமே விடவில்லை. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். இளநீர், நுங்கு, உப்பில்லாத கூழ். தம்பி தண்ணீரில் குதிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். மூன்று நாள் பார்த்த அக்கா, நான்காம் நாள் மதியம் அம்மாவும் தம்பியும் தூங்கியதும் என் கையைப் பிடித்து எழுப்பினார். தோப்பின் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போய்க் கழுத்தளவு தண்ணீரில் உட்கார வைத்தார்.

“தல நனையாம பாத்துக்க. அம்மா கிட்ட வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

அம்மைக்காரியை ஆற்றில் இறக்குகிற பெண் உண்டா? பத்து வயது மூளைக்கு அது எட்டவில்லை. என் மேல் உள்ள ஆசையில் அக்கா கட்டுப்பாட்டை மீறுகிறார் என்றே நினைத்தேன், அவரையும் ஆத்தா தண்டித்துவிடுவாளோ என்று பயந்தும் போனேன். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் மதியம் போனோம். அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் பாடுவார், தூக்கணாங்குருவி கூடுகளை எண்ணச் சொல்வார். ஒருநாள், “இன்னும் எத்தினி நாள் இருந்தா ஒனக்கு போதும் பாப்பா?” என்று கேட்டார். நூறு என்றேன். “பேராசக்காரி,” என்று என் மூக்கில் தண்ணீர் தெளித்தார். என் வாழ்க்கையில் எதையாவது திருப்பிக் கொடுப்பார்கள் என்றால் அந்த மதியங்களைத்தான் கேட்பேன். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆன பிறகு எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, ஒரு பொய் அம்மையை முறைப்படி இறக்கி, சாரத்துக்குத் திரும்பினோம்.

இரண்டு ஆண்டு கழித்து அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாமா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குரல் உயர்த்தாத மனிதர். ஒரு மகள், ஒரு மகன். பதினொரு ஆண்டுகள்தான். ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே அக்கா தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு சமைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைத்து, அம்மாவின் கடைசி நான்கு ஆண்டுகளையும் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதலில் வந்து கடைசியில் போனவர் அவர்தான் என்பதை நீங்களே அறிவீர்கள்.

அக்கா வீங்கிய காலைத் தூக்கிப் பெஞ்சில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வேனல் கட்டி நினைவுக்கு வரும். ஒரு கல்யாணத்தில் சொல்தாவின் மனைவியையே பார்த்தோம். லீவுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷி, வாசனையாக இருந்தார், எங்களுக்கும் சாக்லேட் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருக்க வேண்டிய எடம்டி அது,” என்று கண் கலங்கினார். அக்கா சிரித்துக்கொண்டே, “அங்க ரொம்ப குளிருமாம் பெரிம்மா,” என்றார். அவர் தன் சாக்லேட்டைத் தின்றுவிட்டார். என்னுடையது கைப்பையிலேயே உருகிப் போனது.

ஆத்தா என்னைச் சும்மா விடவில்லை. என் இருபத்தாறாவது வயதில் உண்மையான அம்மை வந்தது, உள்ளங்காலைக்கூட விடாமல். பார்க்க வந்த அம்மா வாசலிலேயே நின்று யோசித்தார். “ஒருத்தருக்கு ரெண்டு தடவ வருமாடி? நான் கேள்விப்பட்டதே இல்லயே.” எனக்குக் காய்ச்சலோடு குளிரும் சேர்ந்து வந்தது. அக்கா வேப்பிலையை உதிர்த்துக்கொண்டே, “செல பேருக்கு வரும்மா. ரத்தம் அப்படி,” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் தொடங்கினார்கள். மகள் செவ்வாய்க்கிழமை கூட்டிப் போவாள், நான் வெள்ளிக்கிழமை. நான்கு மணி நேரம் ஊசியோடு அசையாமல் கிடக்க வேண்டும். எல்லோருக்காகவும் வேலை செய்த கை அப்படிக் கட்டிலில் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. ஒரு வெள்ளிக்கிழமை என்னால் அடக்க முடியவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஆத்தங்கரையில எனக்கு வந்தது அம்மை இல்லக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மெஷின் சத்தம் போட்டு, நர்ஸ் ஓடி வந்து, “ஆன்ட்டி, கை ஆடக் கூடாது,” என்று அதட்டும் வரை சிரித்தார்.

“முதுகுல மணலோட வந்து நின்னா அம்மைன்னு நம்புவேனாடி? தம்பிக்கு இருவது நாள் பண்டுவம் பாத்தவ நானு. வேனக்கட்டி தெரியாதா எனக்கு?”

“பின்ன ஏன்க்கா ஆத்தாதான்னு சொன்ன?”

அக்கா ஊசி குத்தாத கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“என்னை யாரும் கேக்கவே இல்லயே பாப்பா. போட்டோகூட காட்டல. வேணாம்னு சொல்றதுக்கு அந்த வீட்டுல எனக்கு ஏது வாயி? நீ வந்து நின்ன. அந்தத் தண்ணிய வுட்டுப் போவ எனக்கும் மனசே இல்ல. புடிச்சிக்கிட்டேன்.”

நான் அழுதேன். கேட்கக் கூடாததையும் கேட்டேன். எப்போதாவது போயிருக்கலாம் என்று தோன்றியதா?

“பொய் சொல்ல மாட்டேன். ஒங்க மாமா போனப்ப தோணுச்சி. பட்டறையில நின்னு கால் மரத்துப் போறப்ப ரெண்டு மூணு தடவ தோணுச்சி. சாயங்காலம் புள்ளைங்க மொகத்தப் பாத்தா போயிடும். ஆனா அந்தப் பதினஞ்சு நாள் இருக்குது பாரு, அது நானா எடுத்துக்கிட்டது. வேற எதயும் நான் அப்படி எடுத்துக்கல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரைக்கே போய்வரலாம் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். “வேணாம்டி. திரும்பி வரணுமே,” என்றார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் அந்த இரண்டு மாதத்தையே பேசினோம். நான் மறந்ததை அவர் சொல்வார், அவர் மறந்ததை நான் சொல்வேன். ஊற்றுத் தோண்டிய இடத்தைப் பற்றிச் சண்டைகூடப் போட்டோம். அப்படி ஒரு நாளில்தான் அக்கா இதைச் சொன்னார். “எனக்கும் மலர் போடுவீங்க இல்ல? அதுல நீ இத எழுது. நான் இருக்கறப்ப வேணாம், நம்ம குடும்பத்து பேரு கெட்டுடும்னு ஒவ்வொருத்தரும் வந்து பேசுவாங்க. அப்புறமா எழுது. நாப்பது வருஷமா ஐயோ பாவம் ஐயோ பாவம்னு என் காதே புளிச்சிப் போச்சு.” நான் எழுதியதைப் படித்த தம்பி, இதைப் போடத்தான் வேண்டுமா என்று கேட்டான். அக்கா சொன்னதைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அச்சுக்குக் கொடுத்தான்.

கடைசி நான்கு நாள் அக்கா அதிகம் பேசவில்லை. வலி குறைவாகத்தான் இருந்தது என்று டாக்டர் சொன்னார், அதை நம்பத்தான் விரும்புகிறேன். ஒரு வியாழக்கிழமை காலை, மகள் வாயில் ஊற்றிய பாலை விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்தபடியே போய்விட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை. பழக்கத்தில் அக்காவுக்கான போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் வாசல் வரை வந்துவிட்டேன்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மகளுக்கும், மருமகனுக்கும், இரவு ஷிப்டு முடித்த கையோடு தாயின் அருகில் வந்து உட்கார்ந்த மகனுக்கும் எங்கள் ஆசிகள். இரண்டு ஆண்டுகள், மழையிலும் தவறாமல், அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் சொல்லி முடியாது. சிரித்தால் அதட்டி, அழுதால் தேற்றிய அந்த நர்ஸ் பெண்ணுக்கும், பட்டறை உடுப்போடு ஓடி வந்து நின்ற தட்டாஞ்சாவடித் தோழிகளுக்கும், இறுதிச் சடங்கிலும் இன்றைய படையலிலும் தோள் கொடுத்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. இனி அக்காவின் பேச்சு வரும்போது யாரும் பாவம் என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் என்னைச் சொல்லிக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் என்னைப் பாப்பா என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.